போ-காப்பின் வண்ணத் தெருக்கள்

கேப்டவுனின் வணிகப் பகுதியிலிருந்து மேற்கே நடந்தால் பெய்டன்கிராக்ட் என்ற அகலச் சாலை குறுக்கே வரும். அதைத் தாண்டியதும் தரை மேடேறத் தொடங்குகிறது. கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் நின்றுவிட, எதிரே சிக்னல் ஹில் குன்றின் சரிவில் சின்னஞ்சிறு வீடுகள் வரிசையாக ஏறிப்போகின்றன. ஒன்று மாம்பழ மஞ்சள், அடுத்தது நாவற்பழ ஊதா, அதற்கடுத்தது கிளிப்பச்சை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. சுவர் முடியும் இடத்தில் நிறம் மாறுவதை வைத்துத்தான் அடுத்த வீடு தொடங்கியதை அறிய முடியும். நகரத்துக்கு மேற்புறம் அமைந்திருப்பதால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இந்தப் பகுதிக்குப் போ-காப், அதாவது மேல் கேப், என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் அதிகமாகப் படம்பிடிக்கப்படும் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வேல் தெருவும் சியாப்பினி தெருவும் சந்திக்கும் முனையில் இறங்கி, நாலைந்து படம் எடுத்துக்கொண்டு வண்டியேறி விடுகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டுப் போவது போ-காப்பின் மிகப் புதிய அடுக்கை மட்டுமே. இந்த வண்ணங்களுக்கு வயது சில பத்தாண்டுகள்தான். தெருக்களுக்கு 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தெருக்களில் குடியேறிய மனிதர்களின் கதையோ கோரமண்டல் கரையிலும் இலங்கையிலும் வங்காளத்திலும் ஜாவாவிலும் தொடங்குகிறது.

1760-ல் யான் டி வால் என்ற டச்சுக்காரர் இங்கே நிலம் வாங்கினார். 1763-க்கும் 1768-க்கும் இடையில் அதில் சிறு வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். அவர் பெயரால் அப்போது இது வாலன்டார்ப் எனப்பட்டது. கைவினைஞர்களும் சிறு உத்தியோகத்தில் இருந்த ஐரோப்பியர்களும் முதலில் குடிவந்தனர். அந்த வீடுகளில் ஒன்று இன்றும் ஏறக்குறைய பழைய உருவிலேயே நிற்கிறது: வேல் தெரு 71ஆம் எண். 1978 முதல் அது போ-காப் அருங்காட்சியகமாக இருக்கிறது. அலை அலையாக வளைந்த அதன் கைப்பிடிச்சுவரையும், முன்னறையையும், பின்கட்டு முற்றத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மற்ற வீடுகளின் அமைப்பும் புரிந்துவிடும். முகப்பு குறுகல், உள்ளே நீளம், மேலே தட்டைக் கூரை. கேப்டவுனில் பழைய வீடுகள் வைக்கோல் வேய்ந்தவையாக இருந்தன. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு வீட்டில் பிடித்த தீ தெருவையே தின்றுவிடும். அந்த அச்சத்தில்தான் கூரைகள் தட்டையாக மாறின.

வீட்டு முகப்பில் தெருவைப் பார்த்தபடி ஒரு மேடை இருக்கும். அதை ஸ்டூப் என்கிறார்கள். ஊர்ப்புறத்து வீட்டுத் திண்ணை செய்யும் வேலை அத்தனையையும் அது செய்கிறது. மாலையில் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் படிகளில் விளையாடுகிறார்கள், போகிறவர் வருகிறவரை நிறுத்தி நலம் விசாரிப்பதும் அங்கிருந்துதான். சரிவான தெருவில் வீட்டுத் தரை சமமாக அமைய வேண்டியிருப்பதால் ஒரு பக்கம் இந்த மேடை முழங்கால் உயரமும் மறுபக்கம் இடுப்புயரமும் இருப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் குடியேற்றம் அமைத்தது 1652-ல். கீழ்த்திசை நாடுகளுக்குப் போய்வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் குடிநீரும் கொடுக்க ஒரு தங்குமிடம் என்பதுதான் தொடக்க நோக்கம். தோட்டம் போடவும் கட்டடம் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. 1658 முதல் அடிமைகள் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட 1808 வரை ஏறத்தாழ 63,000 பேர் இப்படிக் கரையிறக்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள், இந்தியா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களுக்குக் கோட்டைகள் இருந்த காலம் அது. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் அந்தக் கரைகளில் மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். 1860-ல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனது பலருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இந்தியக் கரையோர மக்கள் கேப் முனையில் அடிமைகளாக இருந்திருக்கிறார்கள் என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர்களின் சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் தொலைந்துபோயின. உடைமையாளர்கள் வைத்த பெயரோடு பிறந்த இடத்தைச் சேர்த்து ஏட்டில் எழுதினார்கள்: வான் பெங்காலென், வான் மலபார், வான் சிலோன், வான் டி குஸ்ட். கடைசியாகச் சொன்னது ‘கரையைச் சேர்ந்த’ என்று பொருள்படும். கோரமண்டல் கரையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயர். கேப்பில் பிறந்த பிள்ளைகள் வான் டி காப் ஆனார்கள். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்கள். பிப்ரவரி, செப்டம்பர் என்ற குடும்பப் பெயர்கள் கேப்டவுனில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. பல நாடுகளிலிருந்து வந்த இவர்களிடையே மலாய் பொதுப்பேச்சாக இருந்தது. அதனால் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களும்கூட ‘கேப் மலாய்’ என்ற ஒரே பெயருக்குள் வந்துவிட்டனர். இன்றைய போ-காப் மக்களில் அந்தப் பெயரை விரும்பி ஏற்பவர்களும் உண்டு. கேப் முஸ்லிம்கள் என்று சொன்னால் போதும் என்பவர்களும் உண்டு.

அடிமைகளோடு வேறொரு வகையினரும் கப்பலில் வந்தார்கள். கீழ்த்திசைத் தீவுகளில் டச்சு ஆதிக்கத்தை எதிர்த்த சிற்றரசர்கள், மார்க்க அறிஞர்கள், போர்த்தலைவர்கள் ஆகியோரைக் கம்பெனி கேப்புக்கு நாடு கடத்தியது. அவர்களில் போ-காப்பின் வரலாற்றை மாற்றியவர் தீடோர் தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். மக்கள் அவரைத் துவான் குரு என்று அழைத்தார்கள். 1780-ல் அரசியல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ராபன் தீவில் அடைக்கப்பட்டார். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா பதினெட்டு ஆண்டுகள் சிறையிருந்த அதே தீவுதான். அங்கே துவான் குரு, முன்னால் பிரதி எதுவும் இல்லாமல், நெஞ்சில் இருந்த குர்ஆன் முழுவதையும் கையால் எழுதினார். 1781-ல் மார்க்கச் சட்டமும் இறையியலும் அடங்கிய ஒரு பெரிய நூலையும் எழுதி முடித்தார். ஊர் மக்களின் தகராறுகளைத் தீர்த்துவைக்கவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் அந்த நூல் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டது. அவர் கைப்பட எழுதிய குர்ஆன் பிரதிகளில் ஒன்று டார்ப் தெருவில் உள்ள அவ்வல் பள்ளிவாசலில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

விடுதலையானதும் 1793-ல் அதே டார்ப் தெருவில் துவான் குரு மதரஸா ஒன்றைத் தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் அங்கே ஓதவும் எழுதவும் கற்றார்கள். தொழுகைக்கு இடம் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்தை அரசு ஏற்கவில்லை. டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை தவிர்த்த பிற சமயங்களை வெளிப்படையாகப் பின்பற்றுவதும் பரப்புவதும் கடும் தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. சியாப்பினி தெருவை ஒட்டிய கல்குவாரியில் வெட்டவெளியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடந்தது.

தொழுமிடத்துக்கு வழி பிறந்தது இலங்கையிலிருந்து வந்த ஓர் அடிமையின் குடும்பத்தால். விடுதலை பெற்ற கொரிடான் வான் சிலோன் 1794-ல் டார்ப் தெருவில் சொத்து வாங்கினார். கேப்பில் நிலம் வாங்கியதாக ஆவணங்களில் பதிவான முதல் முஸ்லிம் அவர்தான். அந்தச் சொத்து பிறகு அவர் மகள் சார்ச்சி வான் டி காப்பின் கைக்கு வந்தது. அதிலிருந்த கிடங்குக் கட்டடம் பள்ளிவாசல் ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் அதுவே. சார்ச்சியின் கணவர் அக்மத் வான் பெங்காலென், பெயரே சொல்வதுபோல் வங்கத்துக்காரர், பின்னாளில் அங்கே இமாமாக இருந்தார். இலங்கையார் வாங்கிய மனையில், தீடோர்த் தீவு இமாமின் தலைமையில், வங்கத்தாரும் மலபாராரும் ஜாவாக்காரரும் ஒரே வரிசையில் நின்று தொழுதிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க இஸ்லாத்தின் முதல் பள்ளிவாசல் ஒரு பெண்ணின் சொத்தில் நிலைபெற்றது என்பதைப் போ-காப் மக்கள் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பெருமைதான். சட்டப்படி மதச் சுதந்திரம் வந்தது 1804-ல். பள்ளிவாசல் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1930களில் சுவர்கள் இடிந்ததால் கட்டடம் பெரும்பாலும் திருப்பிக் கட்டப்பட்டது. ஆகவே பழைய சுவர்களில் ஒரு பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது.

1834 டிசம்பர் முதல் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் ‘தொழில் பழகுதல்’ என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டு பழைய எசமானர்களிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1838-க்குப் பிறகு விடுதலையானவர்கள் சரிவை நோக்கிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தையற்காரர், கொத்தனார், தச்சர், செருப்புத் தைப்பவர், பீப்பாய் செய்பவர், மீனவர் என்று நகரத்தைக் கட்டியவர்களும் அதற்கு உடை தைத்தவர்களும் இங்கேதான் வாழ்ந்தார்கள். கேப்டவுனின் பழைய மாளிகைகளில் தெரியும் மரவேலையிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் இந்தக் கைகள் இருக்கின்றன. மக்கள் பெருகப் பள்ளிவாசல்களும் பெருகின. பெய்டன்கிராக்ட் தெருவின் நூருல் இஸ்லாம் 1834-ஐச் சேர்ந்தது. 1850-ல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல், பிரிட்டிஷ் அரசு கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டதால், விக்டோரியா ராணியின் பள்ளிவாசல் என்றும் அழைக்கப்படுகிறது. லாங்மார்க்கெட் தெருவில் உள்ள புர்ஹானுல் இஸ்லாம் பள்ளிவாசலில் முதலில் மரத்தால் மினாரா எழுப்பியிருந்தார்கள். காற்று அதைச் சாய்த்துவிட்டதால் இப்போது கான்கிரீட் மினாரா நிற்கிறது. கேப்டவுன் காற்றை அனுபவித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

லாங்மார்க்கெட் தெருவைப் பிடித்து மேலே ஏறினால் தானா பாரு என்ற அடக்கத்தலம் வரும். 1807-ல் மறைந்த துவான் குருவின் கபர் அங்கே இருக்கிறது. வேறு சில பெரியார்களும் அடங்கியிருக்கிறார்கள். கேப்டவுனைச் சுற்றி வளையமாக அமைந்துள்ள தர்காக்களைக் கிராமத் என்பார்கள். ஹஜ் புறப்படுவதற்கு முன் அவற்றுக்குப் போய் ஸியாரத் செய்துவருவது பல குடும்பங்களின் வழக்கம். தானா பாருவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1882-ல் நகரத்தைப் பெரியம்மை தாக்கியது. அடுத்த ஆண்டு வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, நகருக்குள் இருந்த அடக்கத்தலங்களை 1886 ஜனவரியில் அரசு மூடியது. இறந்தவர் உடலான மையித்தைத் தோளில் சுமந்து நடந்தே கொண்டுபோய் அடக்குவது முஸ்லிம்களின் கடமை என்றும், தொலைவில் இடம் கொடுத்தால் அது நடக்காது என்றும் அவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மூடிய இரண்டே நாளில் ஏறத்தாழ 3,000 பேர் ஒரு குழந்தையின் ஜனாஸாவோடு ஊர்வலமாகப் போய், தடையை மீறித் தானா பாருவிலேயே அடக்கம் செய்தார்கள். போலீசாரோடு மோதல் நடந்தது. அப்தோல் பர்ன்ஸ் என்ற குதிரைவண்டிக்காரர் அந்தப் போராட்டத்தின் குரலாக விளங்கினார். அமைதியான, பணிவான மக்கள் என்று காலனி எழுத்தாளர்கள் வருணித்த ஒரு சமூகம் எதற்காகத் தெருவில் இறங்கியது என்பதை அந்தச் சரிவில் நின்று யோசிப்பது பயன் தரும்.

மொழி வரலாற்றிலும் இந்தத் தெருக்களுக்குப் பங்கு உண்டு. ஆப்பிரிக்கான்ஸ் என்றால் வெள்ளையர் மொழி என்றே பலரும் நினைக்கிறார்கள். டச்சு மொழி அடிமைகளின் நாவிலும் சமையற்கட்டிலும் புழங்கித்தான் அந்த மொழி உருவானது. அதன் தொடக்ககால எழுத்துகளில் ஒரு பகுதி அரபு எழுத்தில் அமைந்தவை. மதரஸா மாணவர்கள் தம் பேச்சை அரபு எழுத்தில் குறித்துவைத்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபை அறிந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1860களில் உஸ்மானியப் பேரரசிலிருந்து வந்த அபூபக்ர் எஃபெந்தி, தொழுகை முதலான கடமைகளை விளக்கி இந்த முறையில் எழுதிய ‘பயானுத்தீன்’ 1877-ல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. மலாய்ச் சொற்களும் முழுவதும் மறையவில்லை. நன்றிக்குத் ‘திரமக்காசி’, தயவுசெய்துக்குக் ‘கனலா’, பெருநாளுக்கு ‘லபாரங்’ என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

வேல் தெருவில் அட்லஸ் டிரேடிங் என்ற மளிகைக் கடை 1940களிலிருந்து நடக்கிறது. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், பட்டை, ஏலக்காய், அரிசி, பருப்பு என்று மூட்டையிலும் தொட்டியிலும் குவிந்திருக்கும் கடை அது. கதவைத் தாண்டுமுன்பே மணம் தெருவுக்கு வந்துவிடும். போ-காப் சமையலின் அடித்தளம் அங்கே அடுக்கப்பட்டிருக்கிறது. கொத்துக்கறியை மசாலாவோடு வேகவைத்து, மேலே முட்டையும் பாலும் ஊற்றி, இலைகள் செருகி அடுப்பில் சுட்டெடுப்பது போபோட்டி. உலர் திராட்சை சேர்த்த மஞ்சள் சோற்றோடு அதைப் பரிமாறுவார்கள். புளி சேர்த்த ஆட்டுக்கறி டெனிங்ஃப்ளேஸ். கடலைமாவில் கீரையும் மிளகாயும் கலந்து பொரித்தெடுப்பது தால்ச்சி. தொட்டுக்கொள்ள அச்சார். இந்தியத் துணைக்கண்டமும் மலாய்த் தீவுகளும் டச்சு அடுப்படியும் இந்த உணவில் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. போரிட்டு வந்த கலப்பு அல்ல. அடுத்தவர் வீட்டுச் சமையற்கட்டில் நின்று வேலை செய்த பெண்களின் கைவழி வந்த கலப்பு.

இவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கென்றே உள்ளது கூசிஸ்டர். வெள்ளையர் வீடுகளில் செய்யும், சடைபோலப் பின்னிய பலகாரம் வேறு, இது வேறு. புளிக்கவைத்த மாவில் பட்டை, ஏலம், சோம்பு, காயவைத்த ஆரஞ்சுத் தோல்பொடி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, நீள்உருண்டையாக்கி எண்ணெயில் பொரிக்கிறார்கள். கொதிக்கும் சர்க்கரைப் பாகில் புரட்டி எடுத்து, ஈரம் காயுமுன் துருவிய உலர்தேங்காயில் உருட்டுகிறார்கள். வெளியே பிசுபிசுப்பு, உள்ளே பஞ்சு, கடித்த பிறகு நாக்கில் நிற்பது ஆரஞ்சுத் தோலின் இலேசான கசப்பு. ஞாயிறு காலையில் சில வீடுகளின் வாசலிலேயே வாங்கலாம். தட்டோ டப்பாவோ எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வாங்க வருவார்கள்.

ஆண்டின் சுழற்சியை அறிந்து போகிறவருக்குப் போ-காப் இன்னும் பிடிபடும். நோன்பு தொடங்கவும் பெருநாள் கொண்டாடவும் பிறை பார்ப்பவர்கள் கடற்கரையில் கூடி, வெறுங்கண்ணால் பிறை தேடுகிறார்கள். நோன்பு மாதத்தில் அஸ்தமனத்துக்குச் சற்று முன் துணியால் மூடிய தட்டுகளோடு பிள்ளைகள் தெருவில் ஓடுவதைக் காணலாம்; ஒரு வீட்டுப் பலகாரம் அடுத்த வீட்டுக்குப் போகிறது, வெறுந்தட்டாக அது திரும்புவதில்லை. நபிகள் பிறந்த மீலாது நாளை ஒட்டிப் பெண்கள் பள்ளிவாசலில் கூடி ராம்பிஸ் நறுக்குகிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு இலைகளை மயிரிழை போல மெல்லியதாக நறுக்கி, நறுமண எண்ணெய் கலந்து, வண்ணத் தாளில் சிறு பொட்டலமாக மடித்து, மவ்லிது ஓத வரும் ஆண்களுக்குக் கொடுக்கும் சடங்கு இது. ரிஃபாயீ வழியில் கூர்வாளும் கம்பியும் கொண்டு நடக்கும் ராத்திப் என்ற சடங்கும் இங்கே உண்டு. நாகூரிலும் கிழக்கிலங்கையிலும் அதைப் பார்த்தவர்களுக்கு உறவு விளங்கும். ஜனவரி 2ஆம் நாள் நகரமெங்கும் பளபளக்கும் உடையணிந்த பாட்டுக் குழுக்களின் ஊர்வலம் நடக்கும். அடிமைகளுக்கு ஆண்டில் கிடைத்த ஒருநாள் விடுமுறையிலிருந்து வந்த திருவிழா அது.

இருபதாம் நூற்றாண்டின் இனஒதுக்கல் ஆட்சி போ-காப்பை ஒரு விசித்திரமான வகையில் காப்பாற்றியது, கெடுத்தும் விட்டது. 1940களில் ஐ. டி. டு பிளெசி என்ற ஆப்பிரிக்கான்ஸ் கவிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும் பழைய வீடுகளை இடிக்காமல் காக்கப் பாடுபட்டார்கள். பதினைந்து வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. 1966-ல் பகுதியின் ஒரு பாகம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த முயற்சிக்கு நன்றி சொல்லும்போதே அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘மலாய்’ என்று தனித்த, தூய, பழமை மாறாத ஓர் இனம் இருப்பதாக அவர் தீட்டிய சித்திரம், மக்களை இனவாரியாகப் பிரித்த ஆட்சிக்கு வசதியாகப் போயிற்று. அவரே பின்னர் அந்த ஆட்சியில் கலப்பினத்தவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான உயர் அதிகாரியாக இருந்தார். 1950-ன் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் போ-காப் 1957-ல் மலாய் இனத்தவருக்கான பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதுவரை கிறிஸ்தவர்களும் பிறரும் கலந்து வாழ்ந்த தெருக்கள் அவை. மலாய்க்காரர் அல்லாதவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. போ-காப்பில் இன்று தெரியும் ஒரே சமூகத்தன்மையில் ஒரு பங்கு சட்டம் உண்டாக்கியது.

நகரின் மறுபக்கத்தில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் இருந்தது. அதே போன்ற நெருக்கமான தெருக்கள், அதே போன்ற மக்கள். 1966 பிப்ரவரியில் அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் தொலைவில் இருந்த மணற்காட்டுக்கு விரட்டப்பட்டு, வீடுகள் புல்டோசர்களால் தரைமட்டமாயின. நகர மையத்தை ஒட்டி வெள்ளையரல்லாதார் வாழ்ந்த பழைய குடியிருப்புகளில் போ-காப் போலத் தப்பியவை மிகச் சில.

வண்ணங்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகு. பழைய புகைப்படங்களில் இதே வீடுகள் பெரும்பாலும் வெள்ளையும் வெளிர்நிறமுமாகத்தான் இருக்கின்றன. பல வீடுகள் நெடுங்காலம் வாடகை வீடுகள். வாடகை வீட்டுக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று விதி இருந்ததாகவும், சொந்தமாக வாங்கியதும் மக்கள் விரும்பிய நிறத்தைப் பூசி விடுதலையைக் கொண்டாடியதாகவும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பெருநாளுக்குப் பெருநாள் சாயம் பூசும் பழக்கத்தையும் காரணமாகச் சொல்வதுண்டு. எழுதிவைத்த திட்டம் எதுவும் இதன் பின்னால் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசி, அவர் நிறத்தோடு மோதாமல் தம் நிறத்தைத் தேர்ந்துகொள்வது வழக்கம் என்கிறார்கள். இத்தனை அடர்நிறங்கள் அடுத்தடுத்து நின்றும் கண்ணை உறுத்தாமல் இருப்பதைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

அழகே இப்போது வினையாகவும் ஆகியிருக்கிறது. குடியிருப்புச் சட்டம் 1991-ல் நீக்கப்பட்டதும் யார் வேண்டுமானாலும் இங்கே வீடு வாங்கலாம் என்றாயிற்று. நகர மையத்துக்கு நடை தூரம், ஒரு பக்கம் மேசை மலை, மறுபக்கம் துறைமுகம். விலை ஏறாமல் என்ன செய்யும்? மதிப்பு உயர, வீட்டுவரியும் உயர்ந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். சில வீடுகள் சுற்றுலாப் பயணிகளின் குறுந்தங்கல் விடுதிகளாயின. சரிவின் அடியில் அடுக்குமாடிகளுக்குத் திட்டம் வந்தது. 2018-ல் இளைஞர்கள் தெருவை மறித்தார்கள். நோன்பு மாதத்தில் தெருவிலேயே அமர்ந்து எல்லோருமாக நோன்பு திறந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் கட்டுமானக் கிரேன் வராமல் தடுத்தவர்களைப் போலீசார் கலைத்தனர். 2019-ல் மாநகராட்சி போ-காப்பைப் பாரம்பரியப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு 19 இடங்கள் தேசியப் பாரம்பரியச் சின்னங்களாகவும் அறிவிக்கப்பட்டன. சுவர்களுக்கும் கூரைகளுக்கும் இதனால் காவல் கிடைத்திருக்கிறது. உள்ளே வாழ்கிறவர்கள் தொடர்ந்து வாழ முடியுமா என்பது வரி, வாடகை, வருமானம் சார்ந்த கேள்வி. அதற்குக் கட்டடச் சட்டத்தில் விடை இல்லை.

போக விரும்புகிறவர்கள் அருங்காட்சியகத்தில் தொடங்கி, டார்ப் தெரு வழியாக அவ்வல் பள்ளிவாசலுக்கும், பின்பு சியாப்பினி, ரோஸ் தெருக்களுக்கும், கடைசியாக லாங்மார்க்கெட் தெரு ஏற்றத்தில் தானா பாருவுக்கும் போகலாம். கருங்கல் பாவிய ஏற்றங்கள் சில உண்டு. வழுக்காத காலணி வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் தம் வீட்டிலேயே சமையல் கற்றுக்கொடுத்து, உடன் உண்ண அழைக்கும் வகுப்புகளும், அங்கே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளும் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கும் பணம் நேரே தெருவுக்குப் போகிறது. பள்ளிவாசலுக்குத் தலையையும் கைகால்களையும் மூடிய உடையில், தொழுகை நேரம் தவிர்த்துப் போவது நலம். வெள்ளி நண்பகலில் தெருக்கள் ஜும்ஆவுக்குப் போகிறவர்களால் நிறைந்திருக்கும். படமெடுப்பதற்காக யாருடைய ஸ்டூப்பிலும் ஏறி உட்காரக்கூடாது. கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மனிதர்களை அனுமதி கேட்டுக்கொண்டுதான் படமெடுக்க வேண்டும்.

நண்பகல் பன்னிரண்டுக்குக் குன்றின் மேலிருந்து ஒரு பீரங்கி முழங்கும். முதன்முறை கேட்பவர்கள் துள்ளிவிடுவார்கள். துறைமுகக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1806 முதல் நடந்துவரும் வழக்கம் இது. 1902 முதல் பீரங்கிகள் சிக்னல் ஹில்லில் இருக்கின்றன. ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர எல்லா நாளும் சுடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் பலத்த காற்றும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும் இருக்கும். மார்ச், ஏப்ரல் நடைக்கு ஏற்றவை. அரை நாள் கூடுதலாக இருந்தால் பெய்டன்கன்ட் தெருவில் பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் 1994-ல் திறக்கப்பட்ட டிஸ்டிரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகளும், முன்னாள் குடியிருப்பாளர்கள் தங்கள் வீடிருந்த இடத்தைக் குறித்த பெரிய தரைவரைபடமும் அங்கே இருக்கின்றன. போ-காப்பைப் பார்த்த கையோடு அதையும் பார்ப்பது நல்லது.